பதினொரு பூட்டுகள்

ஒரு செட்டிநாட்டு வீட்டின் வளவில், அதாவது முற்றமுள்ள உள்கட்டில், நடுவே நின்று எண்ணிப் பார்த்தேன். முற்றத்தின் இரு பக்கத் தாழ்வாரங்களிலும் சேர்த்துப் பதினொரு அறைகள். பதினொரு கதவுகளிலும் பதினொரு பூட்டுகள். ஒன்றைப் போல மற்றொன்று இல்லை. ஒரு கதவில் உள்ளங்கை அளவுள்ள பழைய திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு தொங்கியது. அடுத்ததில் நேற்று வாங்கியது போல மின்னும் பூட்டு. இன்னொன்றில் துருவேறிச் சாவித்துளையே அடைந்துபோன இரும்புப் பூட்டு. கானாடுகாத்தானுக்குப் போய்வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. அந்த வீட்டின் தேக்குத் தூண்களையும் கண்ணாடி போன்ற சுவர்களையும் நினைவுக்குக் கொண்டுவர முயலும்போதெல்லாம் முதலில் வந்து நிற்பவை அந்தப் பூட்டுகளே என்பதால் அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

மதுரையில் ஒரே கல்லூரியில் என்னோடு இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றிய தோழியின் புகுந்த வீடு அது. அவர் வணிகவியல் துறை, நான் வரலாற்றுத் துறை. நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வழக்கப்படி நான் அவரை ஆச்சி என்றே அழைத்துப் பழகிவிட்டேன். அவருக்கு நான் எப்போதும் டீச்சர்தான். கணவர் காலமான பிறகு அவருடைய பங்குக்குரிய அறையின் சாவி ஆச்சியிடம் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது போய், அறையைத் திறந்து, பெருக்கித் துடைத்து, விளக்கேற்றி வருவதை அவர் ஒரு விரதம் போலக் கடைப்பிடிக்கிறார். தை மாதக் கடைசியில் ஒருநாள், "டீச்சர், இந்தத் தடவை நீங்களும் வாங்க. விடியக் கிளம்புனா பொழுது சாய வீட்டுக்கு வந்துரலாம்" என்றார். வரலாறு கற்பித்தவள் என்று பெயர். ஆனால் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு செட்டிநாட்டு வீட்டின் உட்பகுதியை நான் அதுவரை முழுமையாகப் பார்த்ததில்லை.

காலை ஐந்தரைக்கு வாடகைக் காரில் புறப்பட்டோம். மேலூர் தாண்டிக் கீழவளவு வரும்போது வெளிச்சம் பரவியிருந்தது. சமண முனிவர்களின் கற்படுக்கைகளும் தமிழி எனப்படும் தமிழ் பிராமி எழுத்துப் பொறிப்பும் உள்ள குன்று ஒரு பக்கம், கிரானைட்டுக்காக வெட்டியெடுக்கப்பட்ட குழிகள் மறுபக்கம் என்று அந்த ஊர் என்னை எப்போதும் மௌனமாக்கிவிடும். பிள்ளையார்பட்டியில் இறங்கிக் கும்பிட்டோம். நகரத்தார்க்குரிய ஒன்பது கோயில்களில் அது ஒன்று; ஆச்சியின் கணவர் வழியினர் அந்தக் கோயிலைச் சேர்ந்தவர்கள். குன்றக்குடி, காரைக்குடி கடந்து கானாடுகாத்தானை அடைந்தபோது மணி எட்டரை.

செட்டிநாட்டு வீட்டை ஒரு தெருவில் இருக்கும் வீடு என்று சொல்ல முடியாது. அது ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முன்வாசலில் நின்று பார்த்தால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று வாசலுக்குள் வாசலாக நேர்கோட்டில் சென்று, கடைசியில் பின்தெருவின் வெயில் ஒரு தபால்தலை அளவுக்குத் தெரிகிறது. தெரு மட்டத்திலிருந்து வீடு நன்றாக உயர்த்திக் கட்டப்பட்டிருந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்கோளைக் கண்ட முன்னோரின் நினைவு அது என்று நகரத்தார் மரபில் சொல்வார்கள். திண்ணையில் ஏறியதும் ஆச்சி செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரைத் தொட்டுக் காட்டினார். கிளிஞ்சல் சுண்ணாம்பையும் மணலையும் அரைத்துப் பல பூச்சாகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்துக் கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர் அது. எழுபது எண்பது ஆண்டுகளாக வெள்ளையடிக்கவே தேவைப்படாத அந்தச் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். மண்பானையின் புறம் போலக் குளிர்ந்திருந்தது. எங்கள் வீட்டுச் சுவருக்கு நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெயின்ட் அடிக்கும் எனக்கு அந்தக் கைவேலையின் முன் ஒரு வணக்கம் சொல்லத் தோன்றியது.

முகப்பு ஆண்களுக்குரிய இடம். கணக்குப் பார்ப்பதும் விருந்தினரை வரவேற்பதும் அங்கேதான் நடந்தன. தூண்களும் உத்தரங்களும் பர்மாத் தேக்கு. தரையில் ஓரிடத்தில் இத்தாலியச் சலவைக்கல், அதை அடுத்து ஆத்தங்குடிக் கல். சுவரில் ரசம் போய்க் கருமை படர்ந்த பெல்ஜியம் கண்ணாடி. கப்பலில் வந்த பொருள்களை எல்லோரும் வியக்கிறார்கள். எனக்கு வியப்பளித்தது பக்கத்து ஊரிலிருந்து வந்த ஆத்தங்குடிக் கல்தான். கண்ணாடித் துண்டின் மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, அதன் கண்ணறைகளில் வண்ணச் சிமென்ட் கலவையைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் இட்டு அழுத்தி, நெருப்பையே காட்டாமல் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கும் கல் அது. சூளை தராத பளபளப்பை அந்தக் கண்ணாடி தருகிறது. நடக்க நடக்க மெருகு கூடுகிறது. ஆள் நடமாட்டம் நின்றுபோன அறைகளில் அதே கல் மங்கிக் கிடந்ததையும் அன்று பார்த்தேன்.

வளவுதான் வீட்டின் உயிர். வானம் பார்த்த முற்றத்தை நோக்கி நான்கு பக்கக் கூரைகளும் சரிந்து இறங்குகின்றன. மழை பெய்தால் கல் பாவிய முற்றத்தில் விழும் தண்ணீர் மூடிய வடிகால் வழியாகப் பின்கட்டுக் கிணற்றுக்கும், மிச்சம் ஊரணிக்கும் போகும்படி அமைத்திருக்கிறார்கள். ஆற்று நீர் எட்டாத சீமையில் வீடு கட்டும்போதே தண்ணீரையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்பதை அங்கே நின்று பார்த்தால்தான் விளங்கும். அந்த முற்றத்தைச் சுற்றித்தான் அறைகள். மகனுக்குத் திருமணம் ஆனதும் அவனுக்கென ஓர் அறை. சிறிது காலத்தில் 'வேறு வைத்தல்' என்ற முறைப்படி புது இணைக்குத் தனி அடுப்பு. திருமணமான ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரு புள்ளி. ஊர்க் கணக்கும் கோயில் வரியும் புள்ளிக் கணக்கில்தான். வீடு ஒன்று, வாசல் ஒன்று, விசேடம் ஒன்று; உலையும் செலவும் தனித்தனி. கூட்டுக்குடும்பத்தில் சண்டை எங்கே தொடங்கும் என்பதை நன்றாக அறிந்தவர்கள் வகுத்த ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன்.

"நான் கலியாணமாகி வந்தப்ப இந்த வளவுல ஏழு அடுப்பு எரிஞ்சுச்சு டீச்சர்" என்றார் ஆச்சி. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரும் அவர் மனைவியும் பின்கட்டில் மூட்டியிருந்த ஓர் அடுப்பில்தான் அன்று எங்களுக்குக் காப்பியும் வெள்ளைப் பணியாரமும் வந்தன.

இந்த வீடுகள் எழுந்த பணம் எங்கிருந்து வந்தது என்பதை நேராகச் சொல்லியாக வேண்டும். 1852-இல் ஆங்கிலேயர் கீழ் பர்மாவைக் கைப்பற்றினர். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி வடிநிலத்து அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை விரிந்தது. காட்டை வெட்டி வயலாக்கிய பர்மிய விவசாயிக்குக் கடன் கொடுக்க ஆங்கில வங்கிகள் முன்வராத இடத்தில், ஊருக்கு ஊர் பெட்டியடி போட்டு, அதாவது வட்டிக்கடை வைத்து, உட்கார்ந்தவர்கள் நகரத்தார். 'கொண்டுவிக்கப் போதல்' என்பது அவர்கள் சொல். அடுத்தாள், மேலாள் என்று படிப்படியாகக் கடையில் தேறி ஆண்கள் அங்கே இருந்த காலத்தில், இங்கே வீட்டைக் கட்டிக் காத்தவர்கள் பெண்கள். 1930-இல் உலகப் பொருளாதார மந்தத்தில் அரிசி விலை விழுந்தபோது கடன்கள் திரும்பவில்லை. அடமான நிலங்கள் கடைகளின் பெயருக்கு மாறின. 1930-இல் கீழ் பர்மாவின் முதன்மையான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் நிலத்தின் 6 விழுக்காடு செட்டியார் வசம் இருந்தது. 1938-இல் அது 25 விழுக்காடு. நிலத்தை இழந்த விவசாயியின் கண்ணீரும் இந்தத் தேக்கில் இருக்கிறது. 1942-இல் ஜப்பானியப் படை வந்தபோது மணிப்பூர்க் காடுகள் வழியாக நடந்தே திரும்பியவர்களின் வேதனையும், விடுதலைக்குப் பின் பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கியபோது ஒரே தலைமுறையில் எல்லாம் கைவிட்டுப் போன துயரமும் இருக்கின்றன. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தால் அது வரலாறாகாது.

இதை அங்கே நின்று நினைத்தபோதுதான் எனக்கு வேறொரு வீடு நினைவுக்கு வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ரெடிங் நகரில் வசிக்கும் என் மகளிடம் சென்றிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என்னைத் தேம்ஸ் பள்ளத்தாக்கில் உள்ள பேசில்டன் பார்க் என்ற மாளிகைக்கு அழைத்துப் போனாள். வங்காள நவாபின் முர்ஷிதாபாத் அரசவையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்து வங்காளத்துப் பொருளோடு ஊர் திரும்பிய சர் பிரான்சிஸ் சைக்ஸுக்காக, ஜான் கார் என்ற கட்டடக் கலைஞர் 1776-இல் தொடங்கிக் கட்டிய வீடு அது. பாத் நகரத்துத் தேன்நிறக் கல்லில் எழுந்த முகப்பு, எண்கோண வடிவக் கூடம், சன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டும் வரை புல்வெளி. ஒவ்வோர் அறையிலும் ஒரு முதியவர் தன்னார்வலராக அமர்ந்திருந்து, யார் என்ன கேட்டாலும் பொறுமையாக விளக்கினார். பணம் வங்காளத்திலிருந்து வந்தது என்பதையும் நான் கேட்டபோது ஒரு மூதாட்டி தயங்காமல் சொன்னார். அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

அந்த வீட்டுக்கும் அழிவு நெருங்கியிருக்கிறது. இரண்டு உலகப் போர்களிலும் படையினர் தங்கிச் சென்றனர். பாழடைந்த அதன் உணவறை அலங்காரங்கள் நியூயார்க்கில் உள்ள வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதிவரை போய்விட்டன. 1950-களின் தொடக்கத்தில் அதை வாங்கிய ஐலிஃப் பிரபுவும் அவர் மனைவியும், அதே ஜான் கார் பணியாற்றிய லிங்கன்ஷயர் மாளிகை ஒன்று இடிபட்டபோது அதன் கதவுகளையும் கணப்பு மாடங்களையும் வாங்கிவந்து இங்கே பொருத்தி வீட்டை மீட்டிருக்கிறார்கள். 1978-இல் அதை, பழைய மாளிகைகளைக் காத்துவரும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். 1895-இல் தொடங்கிய அந்த அமைப்புக்கு, 1937-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், உரிமையாளர் குடும்பமே தொடர்ந்து குடியிருக்க வீட்டை ஏற்றுக்கொள்ள வழி செய்தது. அது இல்லாதிருந்தால் இன்னும் எத்தனையோ வீடுகள் போயிருக்கும். இருந்துமே இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாளிகைகள் இடிக்கப்பட்டன. 1894-இல் கொண்டுவரப்பட்ட மரணச் சொத்துவரி அதற்கு ஒரு பெரிய காரணம்.

அங்கே வீடும் நிலமும் வழிவழியாக மூத்த மகனுக்கே போயின. இளையவர்கள் படைக்கோ தேவாலயத்துக்கோ கம்பெனி வேலைக்கோ வெளியேறினார்கள். அது இளையவனுக்கு இழைத்த அநீதி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வீட்டை விற்பதோ கொடுப்பதோ இடிப்பதோ ஒருவர் கையெழுத்தில் முடிந்தது. செட்டிநாட்டில் எந்த மகனும் வெளியேற்றப்படவில்லை. ஆளுக்கோர் அறை, ஆளுக்கொரு பங்கு. மூன்றாம் தலைமுறையில் பதினொன்று. சில வீடுகளில் நாற்பது, ஐம்பது பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் அமெரிக்காவில். ஓடு மாற்றவும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். விற்கவும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். இந்த வீடுகளைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் பணம் போனதால் வீடு போயிற்று என்கிறார்கள். அந்த வளவில் நின்றபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. பங்காளிகளில் பலர் இன்றும் வசதியானவர்களே. எவரையும் விலக்காத ஒரு நல்ல ஏற்பாடுதான், எவராலும் தனியாகத் தொட முடியாத வீடாக இதை ஆக்கியிருக்கிறது.

மதுரைக்காரர்கள் இதற்கு நேர்மாறான ஒன்றைத் தினமும் கடந்து போகிறோம். திருமலை நாயக்கர் மகாலின் பெரும்பகுதி அவர் பேரன் காலத்திலேயே பிரிக்கப்பட்டுவிட்டது. மிஞ்சிய பகுதியைச் சென்னை ஆளுநர் நேப்பியர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செப்பனிட்டார். நீதிமன்றமாக அது பயன்பட்டது. பயன் இருந்ததால் கூரை நின்றது. இங்கே வீடுகளில் சில விடுதிகளாக மாறிப் பிழைத்திருக்கின்றன. அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அறுபதாம் கலியாணம் நடந்த முற்றத்தில் வெளிநாட்டார் உணவருந்துவது பூட்டிக்கிடப்பதைவிட எவ்வளவோ மேல்.

பதினொரு மணியளவில் பெரியவர் தயங்கித் தயங்கி வந்தார். "ஆச்சி, மழைக்கு அந்த மூலை ரூம்புக்கு மேல ஓடு சரிஞ்சிருச்சு. தாழ்வாரத்துப் பக்கம் நான் மாத்திட்டேன். உள்ளுக்குள்ள என்னன்னு தெரியல, பூட்டிக் கெடக்கு" என்றார். துருவேறிய பூட்டுத் தொங்கிய அறை அது. கதவின் அடியில் கரையான் மண்கோடு ஒன்று நிலைப்படி வரை ஏறியிருந்தது. அந்த அறைக்குரியவர் கோலாலம்பூரில் இருக்கிறார். ஆச்சியின் கணவருக்குச் சிற்றப்பா மகன். பதினெட்டு ஆண்டுகளாக வரவில்லை.

ஆச்சி உடனே அவரைத் தொலைபேசியில் அழைத்தார். எடுத்த எடுப்பில் அவர், "பூட்ட ஒடச்சிருங்க அண்ணி" என்று சொல்லிவிட்டார். ஆனால் ஆச்சி உடைக்கவில்லை. ஒரு பங்காளியின் அறையை இன்னொரு பங்காளி தனியாகத் திறப்பது முறையல்ல என்று, பள்ளத்தூரில் இருக்கும் இன்னொரு கொழுந்தனாரை வரச்சொன்னார். மற்றவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் செய்தி அனுப்பினார். கொழுந்தனார் வந்துசேர இரண்டரை மணி ஆயிற்று. அதற்குள் கவுனி அரிசியும் வாழைக்காய்க் குழம்புமாகச் சாப்பாடு முடிந்திருந்தது. கவுனி அரிசி பர்மாவிலிருந்து வந்து செட்டிநாட்டு விருந்தில் நிலைத்தது. நிலம் போனாலும் அரிசி போகவில்லை என்று ஆச்சி சொன்னபோது அவர் முகத்தில் பெருமையா வருத்தமா என்று பிரிக்க முடியவில்லை.

பூட்டை அறுக்கக் கடைத்தெருவிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். கதவு திறந்ததும் ஈரச் சுண்ணாம்பின் வாடை. ஒரு மூலையில் கூரை வழியாக வெயில் ஒரு முழம் நீளத்துக்கு விழுந்திருந்தது. அடுக்கடுக்காக எனாமல் தூக்குகளும் பித்தளைக் குடங்களும். எல்லாவற்றிலும் ஒரே பெண்ணின் பெயர் பொறித்திருந்தது. அறைக்குரியவரின் அம்மா அந்தக் காலத்தில் மருமகளாக வந்தபோது கொண்டுவந்த சீர்ச் சாமான்கள். மரப்பெட்டியின் அடிப்பலகையைக் கரையான் முழுதுமாகத் தின்றிருந்தது. உள்ளே பட்டுச்சேலை ஒன்று தொட்டதும் உதிர்ந்தது; அதன் அடியில் இருந்த மொய்ப்பண ஏடு மட்டும் ஓரங்கள் அரிபட்டாலும் எழுத்து அழியாமல் தப்பியிருந்தது. யார், எந்த ஊர், என்ன தொகை என்று சீரான கையெழுத்தில் ஒரு கலியாணம் முழுவதும் அதில் இருந்தது. கொழுந்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தம் தந்தையின் பெயர் எழுதிய வரியில் விரலை வைத்தபடி வெகுநேரம் நின்றார்.

நாங்கள் ஐந்து பேருமாகச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆச்சியின் அறைக்கு மாற்றினோம். பெரியவர் கூரைக்கு மேல் தார்ப்பாய் கட்டினார். ஓடு வேய இப்போது ஆள் கிடைப்பது அரிது, கிடைக்கும்வரை அது தாங்க வேண்டும். இதற்குள் கோலாலம்பூரிலிருந்து மூன்று முறை அழைப்பு வந்துவிட்டது. அம்மாவின் பாத்திரங்களைப் படம்பிடித்து அனுப்பும்படி கேட்டார். ஏட்டையும் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து அனுப்பினேன்.

மாலை ஐந்தரைக்குப் புது மாங்காய்ப் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டு, சாவியில் அறைக்குரியவரின் பெயரை எழுதிக் கட்டி, பெரியவரிடம் ஒன்றும் கொழுந்தனாரிடம் ஒன்றுமாக ஆச்சி கொடுத்தார். திரும்பும் வழியில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் சற்று நிறுத்தினோம். இடிக்கப்பட்ட வீடுகளின் தூண்களும் நிலைக்கதவுகளும் கடைவாசல்களில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பேசில்டனைப் போல இவை இன்னொரு செட்டிநாட்டு வீட்டுக்கே போய்ச் சேர்ந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். ஆச்சி காரைவிட்டு இறங்கவில்லை. கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

பூட்டறுத்தவர் கூலி, புதுப் பூட்டு, தார்ப்பாய், கயிறு எல்லாம் சேர்த்து 2,750 ரூபாய். பதினொரு பங்கு, பங்குக்கு 250 ரூபாய் என்று, திறந்த அறையின் கூரைப் படத்தோடு சேர்த்து அவர் குழுவில் இட்டபோது கார் திருப்பத்தூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. மேலூர் வருவதற்குள் ஏழு பேர் பணம் அனுப்பிவிட்டார்கள். அவர்களில் ஒருவர், ஓடு வேய எவ்வளவு ஆகும் என்று கேட்டிருந்தார்.